வானலை மந்திரியின் சொத்தா? வன்னிக்கு வானொலி எங்கே?

மாரி பிறக்கிறது. குளம் நிரம்புகிறது. வான் கதவு திறக்கப்படுகிறது. எத்தனை கதவு திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள், தண்ணீர் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை வன்னிக் கமக்காரனுக்கு அவன் மொழியில், அவன் மண்ணிலிருந்து, அந்த நேரத்திலேயே சொல்ல அவனுக்குச் சொந்தமான வானொலி ஒன்று உண்டா? இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

2018 டிசம்பர் 21, 22 ஆம் நாள்களை வன்னி மறக்கவில்லை. புனரமைப்பு முடிந்து அதே மாதத்தில் ஆரவாரத்தோடு திறந்து வைக்கப்பட்ட இரணைமடுக் குளம், ஒரே இரவு மழையில் கரை தளும்பியது. பன்னங்கண்டியும் முரசுமோட்டையும் கண்டாவளையும் வெள்ளத்துள் அமிழ்ந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரம் பேர் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தனர். கதவுகளைத் திறக்கச் சுணங்கினார்களா என்ற கேள்வி எழுந்தது, விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. அது பொறியியலாளர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஆனால் வேறொரு கேள்வியை எந்த விசாரணைக்குழுவும் கேட்கவில்லை. திறந்த செய்தியை மக்களுக்குச் சொன்னது யார்? ஒலிபெருக்கி கட்டிய வாகனம் எத்தனை ஒழுங்கைக்குள் போய் வந்தது? நள்ளிரவில் எந்தக் கிராம அலுவலர் எத்தனை கதவைத் தட்ட முடிந்திருக்கும்?

கொழும்பிலிருந்து தமிழில் பேசும் வானொலிகள் பல உண்டு. காலி வீதியில் வாகன நெரிசல் என்று அவை அக்கறையோடு சொல்கின்றன, நல்லது. சினிமாப் பாட்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் முத்தையன்கட்டின் நீர்மட்டமும், வவுனிக்குளத்தின் வான் பாய்ச்சலும், பாவற்குளத்துக் கட்டின் கசிவும் அந்த நிலையங்களுக்குச் செய்தியாவது எப்போது? பிணம் மிதந்த பிறகு!

வன்னி மக்களுக்கு வானொலி பொழுதுபோக்குச் சாமான் அன்று. அது உயிர்காக்கும் கருவி. அதைக் கேட்பது பிச்சை கேட்பதாகாது. அரசியலமைப்பு தந்த உரிமையின் பேரிலேயே அதைக் கேட்கிறோம். எந்த அரசாங்கத்துக்கும், எந்தக் கட்சிக்கும், எந்த இயக்கத்துக்கும் சொந்தமில்லாத வானொலியாக அது இருக்க வேண்டும் என்றும் கேட்கிறோம். ஏன் என்பதை விளக்குவோம்.

இடம்பெயர்ந்தோர் கட்டிய நாடு

வன்னியில் இன்று வாழ்வோர் யார்? வழிவழியாகக் குளக்கட்டின் கீழ் வாழ்ந்த பழங்குடிகள் ஒருபுறம். காடு வெட்டிக் கமம் செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடியேற்றக்காரர் மற்றொரு புறம். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் அடித்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வடக்கே வந்த மலையகத் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர். 1995 அக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்தை வெறிச்சோட விட்டுப் புறப்பட்ட இலட்சக்கணக்கானோரில், கிளாலி கடந்து வந்து இங்கு நிலைத்தவர் பலர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, இரண்டு பதிற்றாண்டுகளின் பின் தம் நிலம் தேடி முல்லைத்தீவுக்குத் திரும்பும் முஸ்லிம்களும் இம்மண்ணின் மக்களே. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்து, சொந்த நாட்டிலேயே அடையாளப் பத்திரத்துக்கு அலைவோரும் உண்டு.

இத்தனை பேரும் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் ஒரே தமிழையா பேசுகிறார்கள்? பதுளைத் தமிழ் வேறு, பருத்தித்துறைத் தமிழ் வேறு, தண்ணீரூற்றுத் தமிழ் வேறு. ஒருவர் துயரம் மற்றவருக்கு முழுதும் தெரியாது. பக்கத்துப் பக்கத்து வேலிக்குள் வாழ்ந்தும் அந்நியராய் இருப்போர் எத்தனையோ பேர். இவர்களை ஒரு சமுதாயமாக்க வீதி போதாது, மின்கம்பம் போதாது. ஒருவர் குரலை மற்றவர் கேட்க வேண்டும். வேரோடு பிடுங்கி நடப்பட்ட மக்களுக்குத் தம்மொழியில் தம்மவர் பேசும் குரல், சோற்றுக்கு அடுத்தபடியான தேவை.

சைக்கிள் மிதித்துக் கேட்ட செய்தி

இதை எந்தப் பேராசிரியரும் ஆராய்ந்து சொல்ல வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடையைச் சந்தித்த மக்களைக் கேளுங்கள். மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. பற்றரி இல்லையேல் வானொலி இல்லை என்று தடை போட்டவர்கள் கணக்குப் போட்டார்கள். நம் மக்கள் என்ன செய்தார்கள்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலியை உயிர்ப்பித்தார்கள். இருட்டு முற்றத்தில் ஒருவர் மாறி ஒருவர் சுற்ற, அயலெல்லாம் கூடி லண்டன் பி.பி.சி.யின் தமிழோசையைக் கேட்டது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாசின் தமிழ்ப்பணியையும் கேட்டது.

எண்ணிப் பாருங்கள்! பசித்த வயிற்றோடு சைக்கிள் சுற்றிச் செய்தி கேட்கும் மக்களுக்கு அந்தச் செய்தி என்னவாக இருந்திருக்க வேண்டும்? எங்கே செல் விழுந்தது, எந்தப் பாதை திறந்தது, பிள்ளை போன கப்பல் கரை சேர்ந்ததா என்று அறிவது ஒன்று. உலகம் நம்மை இன்னும் மறந்துவிடவில்லை என்று அறிவது மற்றொன்று. இரண்டாவது இல்லாமல் மனிதன் பைத்தியமாகிவிடுவான்.

ஆனால் வெட்கத்தோடு ஒன்றையும் சொல்ல வேண்டும். முல்லைத்தீவின் செய்தியை முல்லைத்தீவு மனிதன் லண்டன் வழியாகவும் மணிலா வழியாகவும் கேட்க வேண்டியிருந்தது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30 உடன் நின்றுவிட்டது. இரவல் வாயும் மூடிக்கொண்டது. சொந்த வாய் திறக்க இன்னும் அனுமதி இல்லை.

இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே

வன்னியில் வானொலியே இருந்ததில்லையா என்று கேட்பார் உளர். இருந்தது. 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல் வன்னியிலிருந்தும் பல ஆண்டுகள் ஒலித்தது. 2007 நவம்பர் 27 அன்று அதன் கிளிநொச்சி நிலையத்தின்மீது விமானப்படை குண்டு வீசியது. ஒலிபரப்புப் பணியாளர் உட்படப் பலர் மாண்டனர். யுனெஸ்கோவின் தலைமைப் பணிப்பாளர் அதைக் கண்டித்தார். நாமும் கண்டிக்கிறோம். ஒலிபரப்பாளன் கையில் இருப்பது ஒலிவாங்கி. அதற்குக் குண்டு மறுமொழியாகாது.

அதே நேரத்தில் உண்மையை மறைக்கவும் மாட்டோம். அந்தக் குரல் இயக்கத்தின் குரல். இயக்கம் சொல்ல விரும்பியதை மக்கள் கேட்டார்கள். மக்கள் கேட்க விரும்பியதை அங்கே கேட்க முடிந்ததா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "என் பிள்ளையை விடுங்கள்" என்று அந்த ஒலிவாங்கியில் சொல்லியிருக்க முடியுமா?

2009 இன் முதல் ஐந்து மாதங்கள் வந்தன. ஒருபுறம் அரசாங்கத்தின் வானொலி. "பாதுகாப்பு வலயத்துக்கு வாருங்கள்" என்றது. அந்த வலயத்துக்குள்ளேயே செல் விழுந்தது. மறுபுறம் இயக்கத்தின் வானொலி. வெற்றி வெற்றி என்றது. நிலமோ நாளுக்கு நாள் சுருங்கியது. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளரும் தொண்டு நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டுவிட்டனர். 2009 பெப்ரவரியில், தன் நிகழ்ச்சிகள் இடைமறிக்கப்படுவதைக் கண்டித்துப் பி.பி.சி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வழியான பண்பலை ஒலிபரப்பை நிறுத்தியது. புதுக்குடியிருப்புப் பாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதனுக்கு எந்தத் திசை உயிர், எந்தத் திசை சாவு என்று சொல்ல, அவனுக்கு நம்பிக்கையான ஒரு குரலும் இல்லை. இரண்டு ஒலிபெருக்கிகள் முழங்கின; இரண்டும் அவனுடையவை அல்ல.

பின்பு வவுனியா செட்டிகுளத்து மெனிக் முகாம். இலட்சக்கணக்கானோர் முள்வேலிக்குள். தாய் ஒரு பிரிவில், மகள் இன்னொரு பிரிவில், காயம்பட்ட தகப்பன் எந்த ஆஸ்பத்திரியில் என்று தெரியாது. கம்பி வேலியில் முகம் பதித்து, வருவோர் போவோரிடம் பெயர் சொல்லி விசாரித்தது அந்தச் சனம். ஒரு சிறிய ஒலிபரப்பி, ஒரு மேசை, பெயர்களை வாசிக்க நான்கு இளைஞர். இவ்வளவு இருந்திருந்தால் எத்தனை குடும்பம் எத்தனை மாதத் தவிப்பிலிருந்து தப்பியிருக்கும்! முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. அம்மக்களுக்குச் சொந்தமான குரலுக்கு அத்தனை காலத்திலும் இடமில்லை.

மகாவலிக்கு ஒரு நீதி, வன்னிக்கு ஒரு நீதி

அரசாங்கத்துக்கு இந்த அறிவு இல்லையென்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். நன்றாகவே தெரியும். 1980களின் தொடக்கத்தில், மகாவலித் திட்டத்துக்காக ஊர்விட்டு ஊர் பெயர்க்கப்பட்ட குடியேற்றக்காரருக்கென்று யுனெஸ்கோவின் துணையுடனும் டென்மார்க்கின் பணத்துடனும் மகாவலிச் சமூக வானொலி தொடங்கப்பட்டது. ஒலிபரப்பாளர் கிராமங்களிலேயே தங்கினர். மக்கள் குரலையே பதிவு செய்து, மக்களுக்கே ஒலிபரப்பினர். 1989 இல் கொத்மலையிலும் ஒரு நிலையம் எழுந்தது. நீர்த்தேக்கம் ஊர்களை விழுங்கிய மண் அது. 1999 இல் அந்நிலையத்துக்கு இணையத் தொடர்பும் கொடுத்து உலகத்துக்கே காட்டிப் பெருமைப்பட்டார்கள்.

பெயர்ந்த மக்களுக்குப் பேசும் வானொலி வேண்டும் என்ற தத்துவத்தை ஏற்று, பணம் தேடி, கட்டடம் கட்டி, நடத்தியும் காட்டிய அரசாங்கம் இது. அந்த நிலையங்களையும் கூட்டுத்தாபனத்தின் பிடியை விட்டு மக்கள் கையில் கொடுக்கவில்லை என்பது வேறு கதை. நாம் கேட்பது இதுதான்: மகாவலிக் குடியேற்றக்காரனுக்கு ஒலிவாங்கி, வன்னி அகதிக்கு முள்வேலி. இதற்குப் பெயர் என்ன?

கடல்கடந்த நாடுகளைப் பாருங்கள். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைப் பூகம்பம் தாக்கியது. அந்நகரின் நகாதா வட்டாரத்தில் கொரியரும் வியட்நாமியரும் வாழ்ந்தனர். 1923 இல் தோக்கியோப் பூகம்பத்தின்போது, கிணற்றில் நஞ்சிட்டார்கள் என்ற வதந்தியால் கொரியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட கதையை அவர்கள் அறிவர். வதந்தியை வெல்ல வானொலி வேண்டும் என்று உணர்ந்தனர். இரண்டு வாரத்துக்குள், உரிமம் எதுவும் இல்லாமலே, கொரிய மொழியில் ஒலிபரப்பு எழுந்தது. வியட்நாமிய மொழி நிலையமும் தொடர்ந்தது. இரண்டும் ஒன்றாயின. ஜப்பானிய அரசாங்கம் பொலிசை ஏவிற்றா? இல்லை. அடுத்த ஆண்டு அந்த நிலையத்துக்கு உரிமம் வழங்கிற்று.

அவுஸ்திரேலியா 1975 இல், புதிய மருத்துவக் காப்புத் திட்டத்தைக் குடிவந்தோருக்கு அவரவர் மொழியில் விளக்கவே சிட்னியிலும் மெல்பேணிலும் இரு நிலையங்களைத் தொடங்கியது. அந்த வித்து வளர்ந்து இன்று எஸ்.பி.எஸ். ஆக நிற்கிறது. 2020 இல் கொள்ளைநோய் பரவியபோது அது 60க்கு மேற்பட்ட மொழிகளில் தகவல் சொன்னது. அவற்றுள் தமிழும் ஒன்று. மெல்பேணில் அகதியாய் வாழும் வன்னித் தமிழனுக்கு அந்நிய அரசாங்கம் தமிழில் பேசுகிறது. கண்டாவளையில் வாழும் அவன் அண்ணனுக்குச் சொந்த அரசாங்கம் எந்த மொழியில் பேசுகிறது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைச் சூறையாடி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, அரசாங்க எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற முறைப்பாடு எழவில்லையா? 1987 இல் அரசியலமைப்பில் எழுதிவைத்த "தமிழும் அரச கருமமொழி" புயல் நாளில் எங்கே ஒளிந்தது?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் சில சொல்வோம். 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44 ஆம் பிரிவின்படி, தனியார் ஒலிபரப்பு நிலையத்துக்கு உரிமம் கொடுப்பவர் மந்திரி. கொடுப்பதும் மறுப்பதும் அவர் சித்தம். இலாபத்துக்கு நடத்துவோனும் ஊருக்கு நடத்துவோனும் அவர் வாசலிலேயே நிற்க வேண்டும். மக்கள் கூட்டாக நடத்தும் சமூக வானொலிக்குத் தனி வகையும் இல்லை. தனி முறையும் இல்லை.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது? கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியை நடுவழியில் நிறுத்தியது. அதில் பங்குகொண்டுவந்த நேயர் ஒருவர் உயர்நீதிமன்றம் சென்றார். 1996 இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பெழுதினார்: பங்குகொள்ளும் நேயரின் பேச்சுரிமை மீறப்பட்டது, அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை அவரைக் காக்கும். கவனியுங்கள். அந்தப் பாதுகாப்பைப் பெற்றவர் வெறுமனே காது கொடுத்துக் கேட்டவர் அல்லர், பங்குகொண்டு பேசியவர். அப்படியானால், பேசவே வழியில்லாமல் கேட்க மட்டும் விதிக்கப்பட்ட வன்னி மக்கள் அந்த உரிமையின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1997 இல், ஒலிபரப்பு அதிகாரசபை மசோதா ஒன்று அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. மந்திரியின் பிடிக்குள் கிடக்கும் அதிகாரசபை சுதந்திரமானதாகாது, மசோதா அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பாயிற்று. இந்திய உயர் நீதிமன்றம் 1995 இலேயே வானலை பொதுமக்களின் சொத்து என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே வழியும் பிறந்தது. 2004 இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதற் சமூக வானொலி. 2006 இல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி. 2016 இல் பாம்பனில் மீனவருக்கென்றே கடல் ஓசை. அங்கும் சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி சொல்லத் தடை உண்டு; அந்தக் குறையை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. மன்னாருக்கு எதிர்க்கரையில் மீனவனுக்குக் காற்றும் கடலும் அவன் தமிழில் சொல்லப்படுகின்றன. இக்கரையில் முல்லைத்தீவு மீனவனோ, 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் புகுந்ததைக் கண்டவன், இன்னும் காதை வானத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

தீர்ப்பு வந்து முப்பது ஆண்டாகப் போகிறது. சுதந்திரமான ஒலிபரப்பு அதிகாரசபை வரவில்லை. பேச்சைக் கட்ட வேண்டுமானால் மட்டும் சட்டம் விரைந்து வருகிறது. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எவ்வளவு வேகமாய் நிறைவேறியது!

அவர்கள் சொல்லும் சாட்டுகள்

"எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறதே; வானொலி எதற்கு?" என்பார்கள். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது யார்? இதே அரசாங்க யந்திரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தியது யார்? மின்சாரம் போனால் கோபுரம் ஓயும். கோபுரம் ஓய்ந்தால் தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டு. இரண்டு பற்றரி போட்ட வானொலியோ வாரக்கணக்கில் பேசும். கண் மங்கிய கிழவிக்கும், எழுத்தறியாத கூலிக்கும், வயலில் நிற்கும் கமக்காரனுக்கும் அது பேசும். தொலைபேசியில் வரும் வதந்திக்கு முகம் கிடையாது. ஊர் வானொலியில் பொய் சொன்னவன் மறுநாள் சந்தையில் ஊர்முகத்தில் விழிக்க வேண்டும்.

"தேசப் பாதுகாப்பு" என்பார்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. நாம் கேட்கும் ஒலிபரப்பி சில பிரதேச செயலர் பிரிவுகளுக்கு அப்பால் கேட்காது. குற்றமான பேச்சுக்குக் குற்றவியற் சட்டம் இருக்கிறது. அவதூறுக்கு வழக்கு மன்றம் இருக்கிறது. வாயைத் தைத்துவிட்டுப் பேச்சைக் காக்கிறோம் என்பது எந்த நாட்டு நியாயம்?

"நாளைக்கு ஒரு கட்சி பிடித்துக்கொள்ளும்" என்பார்கள். இந்தச் சாட்டை மட்டும் நாம் அலட்சியம் செய்யமாட்டோம். இது வெறும் சாட்டு அன்று. நம் அண்மைய வரலாறு. ஆகவே நாமே கடுமையான விதி கேட்கிறோம். அரசியற் கட்சியின் பணமும், மதபீடத்தின் பணமும், வெளிநாட்டு முதலாளியின் பணமும் ஆளும் நிலையம் நமக்கு வேண்டாம். கமக்காரர் அமைப்பும், கடற்றொழிலாளர் சங்கமும், மாதர் சங்கமும், ஆசிரியரும் கூடித் தேர்ந்தெடுக்கும் சபை நடத்தட்டும். மலையக வழியினருக்கும் முஸ்லிம் மக்களுக்கும் அந்தச் சபையில் ஆசனம் இருக்கட்டும். வருடாந்தக் கணக்கைப் பகிரங்கமாக வாசிக்கட்டும். இந்த விதி நம் கட்சிக்கும் பொருந்தும்; நமக்கு வேண்டாதவரின் கட்சிக்கும் பொருந்தும்.

நம் கோரிக்கைகள்

ஒன்று: 44 ஆம் பிரிவைத் திருத்துக. உரிமம் வழங்கும் அதிகாரத்தை மந்திரியிடமிருந்து எடுத்து, 1997 தீர்ப்பின் வழிநின்ற சுதந்திர அதிகாரசபையிடம் ஒப்படைக்க.

இரண்டு: சமூக வானொலியைத் தனி வகையாகச் சட்டத்தில் எழுதுக, உரிமக் கட்டணத்தை ஏழைக் கிராமம் தாங்கும் அளவில் வைக்க.

மூன்று: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஒவ்வொன்றிலும் ஒரு நிலையத்துக்கு முதலில் அனுமதி கொடுக்க.

நான்கு: நீர்ப்பாசனத் திணைக்களமும் வளிமண்டலவியல் திணைக்களமும் இடர் முகாமைத்துவ நிலையமும் தம் எச்சரிக்கைகளை அந்நிலையங்களுக்குத் தமிழில் உடனுக்குடன் கொடுக்கக் கடமைப்பட்டவை என்று விதி செய்க. ஒரு மணி நேரம் பிந்தினாலும் ஏன் பிந்தியது என்று எழுத்தில் விளக்க வேண்டும்.

ஐந்து: ஆபத்துக் காலத்தில் நிலையத்தை மூடும் அதிகாரம் எவருக்கும் நீதிமன்றக் கட்டளை இன்றி இருத்தலாகாது.

இவற்றில் எது நடக்க முடியாதது? எது நாட்டைப் பிரிப்பது? எது கசானாவைக் காலியாக்குவது? வீதித் திறப்புவிழா ஒன்றின் பந்தற் செலவில் ஒரு நிலையத்தைத் தொடங்கலாம்.

வன்னியின் கமக்காரரே! அடுத்த காலபோகக் கூட்டம் கூடும்போது, விதைநெல்லையும் உரத்தையும் தண்ணீர் திறக்கும் நாளையும் பேசுவதோடு இதையும் பேசுங்கள். தீர்மானம் எழுதி, கையொப்பம் வைத்து, கச்சேரிக்கு அனுப்புங்கள்; ஒரு பிரதியை உங்கள் பாராளுமன்ற அங்கத்தவர் கையில் கொடுத்து மறுமொழி கேளுங்கள். சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! மசோதா எழுதத் தெரிந்தவர் மசோதா எழுதுங்கள், ஒலிபரப்பி கட்டத் தெரிந்தவர் திட்டம் தீட்டுங்கள், நாங்கள் வழக்குரைக்கிறோம். உரிமம் கேட்டு விண்ணப்பிப்போம். மறுத்தால் காரணம் கேட்போம். காரணம் சொல்லாவிட்டால் 14 ஆம் உறுப்புரையைக் கையிலெடுத்து உயர்நீதிமன்றப் படியேறுவோம்.

சைக்கிள் சுற்றிச் செய்தி கேட்ட மக்களுக்குப் பொறுமை உண்டு. அந்தப் பொறுமையைச் சம்மதம் என்று எவரும் கணக்கிட வேண்டாம். வானலை மந்திரியின் சொத்தன்று, மக்களின் சொத்து. வன்னிக்கு உரிய பங்கைக் கொடுங்கள். அடுத்த மாரிக்கு முன் கொடுங்கள்!